கசட்டுச் சிமிட்டியில் இயங்கு காரமும் கட்டுண்ட காரமும்

முன்னுரை

ஒரு பொருளை ஆக்குதற்கு இன்றியமையாததாய் நின்ற ஒன்றே, ஆக்கிய பின்னர் அதனை அழித்தற்கும் ஏதுவாதல் உண்டு. இரும்புலைக் கசட்டினின்று செய்யப்பெறும் காரச் சிமிட்டி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். காரம் இன்றேல் கசடு இறுகுவதில்லை. இறுகிய பின் எஞ்சி நிற்கும் காரமோ சுவரில் வெண்பூவாய்ப் பூக்கின்றது; சல்லியைத் தாக்கிக் காங்கிரீட்டைப் பிளக்கவும் செய்கின்றது. ஆக்கத்திற்கு வேண்டும் காரத்தைக் குறைக்காமல், கேட்டிற்கு ஏதுவாகும் காரத்தை மட்டும் ஒடுக்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்குச் சில கனிமத் துணைப்பொருள்கள் விடையாய் அமைந்த வகையினையும், அவ்விடை எத்துணை உறுதி உடையது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாய்வு இதழில் இப்பொருள் எற்றுக்கு எனின், கூறுதும். இத்துறையில் நெடுங்காலம் நிலவிய குழப்பத்திற்குச் சொல்லும் ஒரு காரணமாயிற்று. சிமிட்டியில் உள்ள காரம் முழுவதையும் ஒரே சொல்லாற் சுட்டி, அதன் அளவு மிகுந்தாற் கேடு மிகும் என்று கொண்டனர். உள்ள காரம் வேறு, இயங்கும் காரம் வேறு என்ற பாகுபாடு தெளிந்த பின்னரே ஆய்வு நெறிப்பட்டது. ஆதலின் அறிவியற் பொருளைத் தமிழில் எழுத விழைவார்க்குச் சொல்வரையறையின் பயனை விளக்க, இதனினும் தக்க சான்று காண்டல் அரிது எனக் கருதுகின்றோம்.

சொற்பொருள் வரையறை

உலோகத்தை உருக்குங்கால் பிரியும் மாசினைக் கிட்டம், சிட்டம், கசடு எனப் பலவாறு வழங்குதல் தமிழ் மரபு. பழைய இரும்புக் கிட்டம் மண்டூரம் என்னும் பெயரோடு சித்த மருத்துவத்தில் இடம் பெற்றிருத்தலையும் அறிவோம். எனினும் கொல்லன் உலையிற் படியும் கிட்டம் இரும்பு மிக்கது. இன்றைய ஊதுலையில் உருகிய இரும்பின் மேல் மிதந்து வழிவதோ இரும்பு மிகக் குறைந்தது. சுண்ணாம்பும் சிலிக்காவும் அலுமினாவும் மக்னீசியாவும் கலந்தது. இவ்வேறுபாடு கருதிப் பின்னதைக் 'கசடு' என்ற சொல்லாலேயே இக்கட்டுரை முழுதும் குறிக்கின்றோம்.

'காரம்' என்ற சொல் இன்னும் விரிந்த பொருளுடையது. சுவையையும் அது குறிக்கும். வெண்காரம், படிகாரம் முதலிய சரக்குகளின் பெயரிலும் அது பயிலும். இவற்றுள் படிகாரத்தின் கரைசல் அறிவியல் நோக்கிற் புளிமத் தன்மையது என்பது நோக்கத்தக்கது. ஆதலின் பெயரொற்றுமை கொண்டு பொருளொற்றுமை துணிதல் ஈண்டுப் பொருந்தாது. இக்கட்டுரையிற் காரம் என்பது சோடியம், பொட்டாசியம் என்னும் இரண்டன் ஆக்சைடுகளையும் ஐதராக்சைடுகளையும் மட்டுமே குறிக்கும். அவை நீரிற் கரைந்து மின்னேற்றம் பெற்று நிற்கும் துகள்களைக் கார அயனி என்போம். சுண்ணாம்பும் காரத்தன்மை உடையதேயெனினும், கரையும் அளவாலும் இயங்கும் விரைவாலும் வேறுபட்டதாகலின், அதனை இச்சொல்லாற் குறியோம்.

இனி, சிமிட்டியின் நுண்துளைகளில் நிற்கும் நீரிற் கரைந்து இடம்பெயரவல்ல காரத்தை 'இயங்கு காரம்' என்றும், திண்பொருளின் கட்டமைப்பினுள் உறுப்பாய் அமைந்து பெயராது நிற்பதைக் 'கட்டுண்ட காரம்' என்றும் வழங்குவோம். தனிச்சொல் தொடரில் இடம்பெயர்ந்து நிற்றல் கூடும். தொகைச்சொல்லின் உறுப்பாகிய பின் அங்ஙனம் பெயர்தல் கூடாது. இவ்விரு காரங்களின் வேறுபாடும் ஏறத்தாழ அத்தகையதே.

கசடும் காரமும் கூடிய வரலாறு

ஊதுலையினின்று ஏறக்குறைய 1,500 செல்சியசு வெப்பத்தில் வழியும் கசட்டை மெல்ல ஆறவிட்டால் அது படிகமாகிக் கல்லாய் விடும். அதற்குச் சிமிட்டிப் பண்பு இல்லை. நீரைப் பாய்ச்சி விரைந்து குளிர்வித்தால் அணுக்கள் ஒழுங்குபட நேரமின்றிக் கண்ணாடி நிலையிலேயே குறுமணிகளாய் உறைகின்றன. இக்குறுமணியை நுண்ணிதின் அரைத்த தூளிற் பொதுவாகச் சுண்ணாம்பு 35 முதல் 45 விழுக்காடும், சிலிக்கா 30 முதல் 40 விழுக்காடும் உள்ளன. எஞ்சியவற்றுள் அலுமினாவும் மக்னீசியாவும் மிகுதி. இத்தூள் தனி நீரோடு கூடினால் மிக மெதுவாகவே வினைப்படும். காரக் கரைசல் சேர்ப்பின் கண்ணாடிப் பிணைப்புகள் அறுந்து, கரைந்த உறுப்புகள் மீண்டும் கூடிக் கல்போல் இறுகும்.

இவ்வுண்மையைப் பயன்கொள்ளும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. செருமானிய அறிஞர் கூல் 1908-ஆம் ஆண்டில் இது குறித்துக் காப்புரிமை பெற்றார். பெல்சிய நாட்டு அறிஞர் பர்டன் 1940-ஆம் ஆண்டில், கசட்டின்மீது காரங்கள் புரியும் வினையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். எனினும் இதனை ஒரு தனித்துறையாக வளர்த்த பெருமை உக்ரைன் நாட்டின் கீவ் நகரத்துப் பொறியியலறிஞர் குளுகோவ்ச்கிக்கே உரியது. 1957-ஆம் ஆண்டு முதல் அவரும், அவர்வழி வந்த கிரிவெங்கோ முதலியோரும் கசட்டுக் காரச் சிமிட்டியைக் கட்டடங்களிலும் கால்வாய்களிலும் சாலைகளிலும் ஆண்டு காட்டினர். ஒடெசா நகரத்தில் 1966-இல் அமைந்த வடிகாற் குழாயும், உருசிய நாட்டின் லிப்பெட்சுக்கு நகரில் 1980-களில் எழுந்த பலமாடிக் குடியிருப்புகளும் இவ்வகைச் சிமிட்டியாலாயவை. பல பத்தாண்டுகள் கழித்து இத்தகைய பழங்காங்கிரீட்டுகளை ஆராய்ந்தோர் அவை உறுதி குன்றாதிருத்தலைக் கண்டனர்.

இச்சிமிட்டியை இன்று உலகம் மீண்டும் நாடுவதற்குக் காரணம் உண்டு. போர்ட்லண்டுச் சிமிட்டியின் கட்டியைச் சுடச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 செல்சியசு வரை சூடேற்றல் வேண்டும். கல்லினின்று வெளிப்படும் கரியமில வாயுவும் எரிபொருளினின்று எழுவதும் சேர்ந்து, ஒரு டன் கட்டிக்கு முக்கால் டன்னுக்கு மேற்பட்ட வாயு வளியிற் கலக்கின்றது. கசடோ முன்னரே வெந்து வந்த பொருள்; அதனை மீளச் சுட வேண்டுவதில்லை. ஆனால் அதன் ஆயுள் ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்பட்டாலன்றி எவரும் அதனை நம்பி வீடு கட்டார். அவ்வையத்தின் மையமே இயங்கு காரம்.

இயங்கு காரத்தால் விளையும் கேடுகள்

போர்ட்லண்டுச் சிமிட்டியில், சோடியம் ஆக்சைடாகக் கணக்கிட்ட காரம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டளவில் அல்லது அதனினும் குறைவாகவே இருக்கும். தீங்கு விளைக்கவல்ல சல்லியோடு சேர்ப்பதற்கு 0.6 விழுக்காட்டிற்கு மேற்படாத சிமிட்டியே தக்கது என்பது நெடுநாளைய வரம்பு. கசட்டுக் காரச் சிமிட்டியிலோ கசட்டின் எடையில் 3 முதல் 6 விழுக்காடு வரை சோடியம் ஆக்சைடு வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. சோடியம் ஐதராக்சைடு, சோடியம் கார்பனேட்டு, நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிகேட்டு ஆகியன இதற்குப் பயன்படுவன. கசடு இறுகிய பின்னும் இக்காரத்தின் ஒரு பகுதி துளைநீரிலேயே தங்கிவிடுகின்றது. அந்நீரின் ஒரு லிட்டரில் சோடியம் ஒரு மோல் அளவையும் கடந்து நிற்றல் உண்டு.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, உப்புப் பூத்தல். சுவரின் ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காற்றும் படுமிடத்துத் துளைநீர் மேற்பரப்பை நோக்கி இழுக்கப்படுகின்றது. நீர் ஆவியாக, எஞ்சிய காரம் கரியமில வாயுவோடு கூடிச் சோடியம் கார்பனேட்டாய்ப் படிகின்றது. பண்டு வண்ணார் துணி வெளுக்கப் பயன்கொண்ட உவர்மண்ணில் வெண்மையாய்ப் பூப்பதும் பெரும்பாலும் இப்பொருளே. போர்ட்லண்டுச் சிமிட்டிச் சுவரில் தோன்றும் வெண்படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. அது நீரில் எளிதிற் கரையாது. சோடியம் கார்பனேட்டோ மழையிற் கரைந்து மறைந்து, வெயிலில் மீண்டும் பூக்கும். இஃது அழகைக் கெடுப்பதோடு அமைவதன்று. படிகம் மேற்பரப்பிற்குச் சற்று உள்ளேயே வளருமாயின், அதன் நெருக்கத்தாற் புறத்தோல் செதிள் செதிளாய் உதிரும்.

இரண்டாவது, காரமும் சிலிக்காவும் வினைப்படுதல். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் பாலங்களும் சாலைகளும் காரணம் புலப்படாது வெடித்தமை கண்டு ஆராய்ந்த பொறியாளர் சுடாண்டன், 1940-ஆம் ஆண்டில் இதனை உலகிற்கு உணர்த்தினார். சல்லியில் ஓபல், செர்ட்டு, எரிமலைக் கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற சிலிக்கா இருப்பின், இயங்கு காரம் அதனைத் தாக்கிக் கூழாக்கும். அக்கூழ் நீரை உறிஞ்சி வீங்கும். வீக்கத்தின் விசை காங்கிரீட்டின் இழுவலிமையைக் கடந்தவழிப் பிளவு தோன்றும். இக்கேடு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். வெளிப்பட்ட பின் மாற்றுதல் அரிது.

மூன்றாவது, கசிந்து வெளியேறல். ஓடும் நீர் படுமிடத்து இயங்கு காரம் கரைந்து நீங்குவதால் உள்ளே துளைகள் மிகுகின்றன. நிலத்தடி நீரும் காரமேறுகின்றது. மூன்று கேடுகளுக்கும் அடிப்படை ஒன்றே. காரம் இருத்தலால் அவை விளைவதில்லை. அது நீரோடு இடம்பெயர்தலால் விளைகின்றன.

கட்டுதல் என்பது யாது?

இப்பாகுபாட்டைக் குளுகோவ்ச்கி நிலவியலினின்றே பெற்றார். பூமியின் மேலோட்டில் மிக்குக் காணப்படும் பெல்சுபார் இனக் கனிமங்களிற் சோடியமும் பொட்டாசியமும் நிறைந்துள்ளன. ஆயினும் அப்பாறைகள் நெடிது நிற்கின்றன. சியோலைட்டுக் கனிமங்களும் அவ்வாறே. காரம் இயல்பாகவே கேடு பயப்பதாயின் இவை நிலைபெற்றிரா. ஆதலின் செயற்கைக் கல்லிலும் காரத்தை அத்தகைய கட்டமைப்பினுள் அடக்கிவிடின், அது பகைப்பொருளாகாது உறுப்புப்பொருளாகும் என்பது அவர்தம் கொள்கை.

இவ்வடக்கம் நிகழும் முறையை இனிக் காண்போம். சிலிக்கான் அணு ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிசன் அணுக்களால் நான்முகியாய்ச் சூழப்பட்டுச் சட்டமாய்ப் பின்னப்படுகின்றது. சிலிக்கானின் மின்னேற்றம் நான்கு, அலுமினியத்தினது மூன்று. சிலிக்கான் நிற்றற்குரிய இடத்தில் அலுமினியம் நிற்குமாயின் ஓர் எதிர்மின்னேற்றம் ஈடுசெய்யப்படாது எஞ்சுகின்றது. அதனை ஈடுசெய்ய ஒரு சோடியம் அயனி அவ்விடத்தே நிற்றல் வேண்டும். எனவே நான்முகியில் அமைந்த ஒவ்வோர் அலுமினிய அணுவும் ஒவ்வொரு கார அயனியைப் பிணிக்கவல்லது. கனிமத் துணைப்பொருள் யாவற்றின் பயனும் இவ்வொரு விதியினுள் அடங்கும்.

கசடு தானே இறுகும்போது உண்டாகும் கால்சியம் சிலிகேட்டுக் கூழும் ஓரளவு காரத்தைப் பற்றுகின்றது. கூழிற் சுண்ணாம்பின் விகிதம் குறையக் குறையக் காரம் பற்றும் ஆற்றல் மிகுதலையும், அலுமினியம் சேர்ந்தவழி அவ்வாற்றல் மேலும் வளர்தலையும் ஆங்கும் கிளாசரும் 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளால் நிறுவினர். ஆயின் கூழின் பரப்பிற் பற்றிய காரத்தின் ஒரு பகுதி, நீரின் செறிவு குறைந்தவழி மீண்டும் கரையும். ஆகவே பற்றுதல் வேறு, கட்டுதல் வேறு. முன்னையது மீளக்கூடியது; பின்னையது சட்டத்தின் உறுப்பாதல். இவ்விரண்டினையும் வேறுபடுத்தாது கூறும் உரைகள் மயக்கம் தருவன.

துணைப்பொருள்களின் வகை

காரத்தைக் கட்ட அலுமினியம் வேண்டும். அதுவும் விரைந்து கரையும் நிலையில் வேண்டும். இவ்விரு தேவைகளையும் நோக்கிப் பல பொருள்கள் ஆராயப்பட்டன.

முதற்கண் கூறத்தக்கது சுட்ட சீனக்களி. இதனை மெட்டாகயோலின் என்பர். சீனக்களியை 600 முதல் 800 செல்சியசு வரை சுட்டால் அதனுட் பிணைந்திருந்த நீர், எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு, நீங்குகின்றது. படிக ஒழுங்கு சிதைகின்றது. அலுமினியம் எளிதிற் கரையும் நிலையை அடைகின்றது. சூடு போதாவிடிற் களி களியாகவே நிற்கும். ஏறத்தாழ 980 செல்சியசைக் கடப்பின் புதிய படிகங்கள் தோன்றி வினைத்திறன் அழியும். செங்கல் சுடுவார்க்கு வேண்டும் பதமறிதல் ஈண்டும் வேண்டும்.

இரண்டாவது, அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து எஞ்சும் எரிசாம்பல். சுண்ணாம்பு குறைந்த சாம்பலில் அலுமினா கணிசமாக உண்டு. ஆயினும் இயல்பான வெப்பநிலையில் அது மெல்லவே கரையும். காரம் இயங்கிக் கேடு விளைக்கத் தொடங்கிய பின்னர்க் கட்டுதல் நிகழுமாயின் பயன் குறையும்.

மூன்றாவது, கால்சியம் அலுமினேட்டுச் சிமிட்டி. இஃது அலுமினியத்தை மிக விரைவில் தரும். ஆனால் அளவு சிறிது மிகினும் கலவை வேலைக்கு முன்னரே இறுகிவிடும்.

நான்காவது, இயற்கைச் சியோலைட்டு. இதனைச் சேர்த்த மாத்திரத்தே காரம் ஒடுங்கும் எனக் கருதுதல் பிழை. அதன் அறைகளில் முன்னரே சோடியமும் பொட்டாசியமும் குடியிருத்தல் உண்டு. கால்சியம் வந்து அவற்றை வெளியேற்றுமாயின் இயங்கு காரம் குறைவதற்கு மாறாக மிகும். எனவே ஒவ்வொரு சுரங்கத்துப் பொருளையும் தனித்தனியே சோதித்த பின்னரே கொள்ளுதல் வேண்டும்.

சிலிக்காத் தூசு போர்ட்லண்டுச் சிமிட்டியில் நன்கு பயன்படுவதாகலின் ஈண்டும் பயன்படும் எனச் சிலர் எண்ணலாம். ஆண்டு அது சுண்ணாம்போடு கூடிக் காரம் பற்றும் கூழை மிகுவிக்கின்றது. கசட்டுக் காரச் சிமிட்டியிலோ கூடுதற்குரிய தனிச் சுண்ணாம்பு இல்லை. அலுமினியத்தையும் அத்தூசு தருவதில்லை. ஒரு சிமிட்டிக்குக் கண்ட முடிவை மற்றொன்றிற்கு ஏற்றிக் கூறுதல் ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கணக்கும் நடைமுறையும்

சுட்ட சீனக்களியின் ஒரு மோல் எடை ஏறத்தாழ 222 கிராம். அதில் அலுமினிய அணுக்கள் இரண்டு. சோடியம் ஆக்சைடின் ஒரு மோல் எடை 62 கிராம். அதிற் சோடியம் இரண்டு. ஓர் அலுமினியத்திற்கு ஒரு சோடியம் என்ற விதிப்படி, 222 கிராம் சுட்ட களி 62 கிராம் சோடியம் ஆக்சைடைக் கட்டவல்லது. நூறு கிராம் கசட்டிற்கு 4 கிராம் சோடியம் ஆக்சைடு சேர்க்கப்பெற்றதெனக் கொள்வோம். அதனை முழுதும் கட்ட ஏறக்குறைய 14 கிராம் சுட்ட களி போதும் என்பது கணக்கு.

நடைமுறை இக்கணக்கோடு முற்றும் ஒத்து வருவதில்லை. அதற்குரிய காரணங்கள் தெளிவானவை. சேர்த்த களி முழுதும் கரைவதில்லை. கரைந்த அலுமினியம் அனைத்தும் சோடியத்திற்கே உரியதாவதும் இல்லை. ஒரு பகுதி கால்சியம் சிலிகேட்டுக் கூழினுட் புகுகின்றது. மறுபுறம், கசட்டிலுள்ள அலுமினியமும் கூழும் ஒரு பகுதிக் காரத்தைத் தாமே பற்றுவதால் தேவை சிறிது குறைகின்றது. ஆகவே இக்கணக்கு ஆய்வைத் தொடங்குதற்குரிய மதிப்பீடேயன்றி முடிந்த முடிபு அன்று.

களியை மேன்மேலும் மிகுவிக்கலாமே எனின், அதற்கும் தடை உண்டு. சுட்ட களியின் துகள் தகடு தகடாய் நுண்ணியது. நீரை மிகுதியும் வேண்டும். நீர் மிகினத் துளை மிகும். துளை மிகின் எஞ்சிய காரம் விரைந்து இயங்கும். மேலும், கசட்டைக் கரைக்க வேண்டிய காரத்தையே களி முன்னதாகக் கவர்ந்துகொள்ளின் தொடக்க வலிமை குன்றும். நோய்க்கு இட்ட மருந்து அளவு கடந்து உணவையே அழித்தாற் போன்றது இது. கட்டுதல் நிகழவேண்டும், ஆனால் கசடு கரைந்த பின்னரே அது முற்றுப்பெறல் வேண்டும். துணைப்பொருளின் அளவோடு அதன் வினைவேகமும் இங்ஙனம் கருதப்படுதல் இத்துறையின் நுட்பமாகும்.

சோதனையிற் கொள்ளவேண்டிய எச்சரிக்கை

காரம் கட்டுண்டதா என்பதை அறிய மூன்று வழிகள் உள்ளன. இறுகிய சிமிட்டியைத் தூளாக்கி நீரில் ஊறவைத்துக் கரைந்த சோடியத்தை அளத்தல் ஒன்று. இறுகிய உருளையைப் பேரழுத்தத்தில் நசுக்கித் துளைநீரைப் பிழிந்து ஆராய்தல் மற்றொன்று. சல்லியோடு சேர்த்து வார்த்த சட்டத்தின் நீட்சியைக் காலமுறைப்படி அளத்தல் பிறிதொன்று.

இவற்றுள் மூன்றாவதிற் பெரும்பிழை புகுதல் எளிது. விரைவுச் சோதனையிற் சாந்துச் சட்டத்தை 80 செல்சியசு வெப்பமுள்ள சோடியம் ஐதராக்சைடுக் கரைசலில் 14 நாள் மூழ்குவிப்பர். சல்லி தீயதா அன்றா என்பதை அறிய இம்முறை ஏற்றது. ஆனால் சிமிட்டி தன் காரத்தைத் தானே கட்டியுள்ளதா என்பதை இதனால் அறியவியலாது, என்னை? புறத்தேயுள்ள கரைசல் குறைவின்றிக் காரத்தை ஊட்டிக்கொண்டே இருத்தலின். அதற்கு ஏற்றது 38 செல்சியசு வெப்பமுள்ள ஈரக்காற்றிற் காங்கிரீட்டுப் பட்டகத்தை ஓராண்டும் அதற்கு மேலும் வைத்து நோக்கும் முறையே. ஓராண்டு முடிவில் நீட்சி 0.04 விழுக்காட்டை எட்டாதிருத்தல் போர்ட்லண்டுச் சிமிட்டிக்குரிய வரம்பு. மெல்ல வினைப்படும் கசட்டுச் சிமிட்டிக்கு ஓராண்டு போதாதென்பாரும் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கது என்பதே எம் கருத்து. வினாவிற்கு ஏற்ற சோதனையைத் தேராதார், விடையைப் பெற்றும் பொருளை இழப்பர்.

சில தடைகளும் விடைகளும்

காரத்தின் அளவையே குறைத்துவிடின் இத்துணை முயற்சியும் வேண்டாவே என்பது ஒரு தடை. அற்றன்று. காரம் ஒரு வரம்பின் கீழ்க் குறைந்தாற் கசடு முழுதும் வினைப்படாது. வலிமை குன்றித் துளை மிகும். துளை மிக்க கல்லிற் சிறிதளவு காரமும் எளிதில் இயங்கும்.

சியோலைட்டின் சோடியத்தைக் கால்சியம் வெளியேற்றும் என மேலே கூறப்பட்டதே, அங்ஙனமாயின் கட்டுண்ட காரமும் ஒரு நாள் விடுபடாதோ என்பது இரண்டாவது தடை. இது வலிமை வாய்ந்த வினா. கசட்டுக் காரச் சிமிட்டியில், போர்ட்லண்டுச் சிமிட்டியிற்போலத் தனித்த சுண்ணாம்புப் படிகம் இல்லை. துளைநீரிற் கால்சியமும் மிகக் குறைவு. ஆகவே வெளியேற்றம் அங்கு எளிதில் நிகழாது. இரண்டு சிமிட்டிகளையும் கலந்து செய்யுமிடத்தோ இவ்வையம் உண்மையாகவே எழும். மேலும் சட்டங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. அறைவாயில் அகன்ற சியோலைட்டு அயனிகளை எளிதில் மாற்றிக்கொள்ளும். அனால்சைம் போன்ற இறுக்கமான சட்டம் அங்ஙனம் எளிதில் விடாது. கீவ் அறிஞர் அனால்சைமை ஒத்த விளைபொருளை நாடியதன் காரணமும் இதுவே.

சல்லியின் சிலிக்காவைக் காரம் தாக்குவதை இது தடுக்குமா என்பது மூன்றாவது தடை. கரைந்த அலுமினியம் சல்லியைச் சூழ்ந்த எல்லைப்புறத்தே நிறைந்திருப்பின், அங்குத் தோன்றும் காரச் சிலிகேட்டுக் கூழோடு அது கூடி, வீங்காத கட்டமைப்பாய் இறுகுகின்றது என்பர் கிரிவெங்கோ முதலியோர். அழிவுக்குரிய வினையே ஆக்கத்திற்குரியதாய் மாறுகின்றது என்பது அவர்தம் கொள்கை. அலுமினியம் போதாத இடத்து இம்மாற்றம் நிகழாமையின், அளவறிந்து சேர்த்தலின் தேவை ஈண்டும் வலியுறுகின்றது.

காரம் முழுதும் கட்டுண்டால் உள்ளே பதித்த இரும்புக்கம்பி துருவேறாதோ என்பது நான்காவது. இஃது உண்மையான தடையேயாகும். துளைநீரின் காரத்தன்மையே கம்பியின்மேற் காப்புப் படலத்தை நிலைநிறுத்துகின்றது. அது மிகக் குறையின் கரியமில வாயு எளிதில் உட்புகும், கம்பி காப்பிழக்கும். ஆதலின் இயங்கு காரத்தை முற்றும் ஒழித்தல் குறிக்கோள் அன்று. கேடு விளைக்கும் வரம்பிற்குக் கீழும், கம்பியைக் காக்கும் வரம்பிற்கு மேலும் அதனை நிறுத்துதலே குறிக்கோள். இவ்விரு வரம்புகளுக்கும் இடைப்பட்ட இடம் அகலமானதன்று.

பழங்காலச் சான்று ஒன்று

காரம் கட்டுண்டு நெடிது நிற்றற்கு இயற்கைப் பாறையன்றி மனிதர் செய்பொருளிலும் சான்று உண்டு. இத்தாலியில் பொசுவோலிப் பகுதியின் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து உரோமர் கடலினுட் கட்டிய துறைமுகச் சுவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலவுகின்றன. அவற்றை நுணுகி ஆராய்ந்தோர் பிலிப்சைட்டு என்னும் சியோலைட்டு துளைகளில் வளர்ந்திருத்தலைக் கண்டனர். இவ்வாய்வு முடிவுகள் 2017-இல் வெளியாயின. பிலிப்சைட்டின் சட்டத்துள் சோடியமும் பொட்டாசியமும் அமைந்துள்ளன. உரோமர் இவ்வேதியியலை அறிந்து செய்தாரல்லர். அலுமினியம் மிக்க சாம்பல் அவர்க்கு வாய்த்தது. உரோமச் சாந்தும் கசட்டுக் காரச் சிமிட்டியும் ஒன்றல்ல. ஆதலின் முன்னதன் ஆயுளைப் பின்னதற்கு உறுதியாகக் கூறுதல் பொருந்தாது. கார அயனி ஒரு கட்டுமானப் பொருளினுள் நூற்றாண்டுகள் தங்குதல் கூடும் என்னும் அளவிற்கே இச்சான்று பயன்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன இவை. கசட்டுக் காரச் சிமிட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது சேர்த்த காரத்தின் மொத்த அளவன்று. இயங்கும் நிலையில் எஞ்சிய காரத்தின் அளவே. அதனைக் குறைக்கும் வழி, நான்முகியில் அமையவல்ல அலுமினியத்தை உரிய காலத்தில், உரிய அளவில் தருதல். இதற்குச் சுட்ட சீனக்களி பிறவற்றினும் சிறந்தது. எனினும் நீர்த்தேவையும் தொடக்க வலிமையும் கம்பியின் காப்பும் அதன் அளவிற்கு எல்லை வகுக்கின்றன. கட்டுண்டமையை நிறுவப் பொருத்தமான, நெடுங்காலச் சோதனையே வேண்டும்.

உலகம் ஆண்டுதோறும் ஆக்கும் சிமிட்டி ஏறத்தாழ 400 கோடி டன். ஊதுலைக் கசடு அதிற் பத்தில் ஒரு பங்களவே கிடைப்பது. கிடைக்கும் அச்சிறு பங்கும் நெடிது நிற்கும் கல்லாதல் வேண்டும். இன்று கட்டிய வீடு இருபது ஆண்டுகளில் வெடிக்குமாயின் மிச்சப்படுத்திய எரிபொருளும் வீணே. ஆகவே இவ்வாய்வு ஆய்வுக்கூடத்து நுண்பொருள் மட்டுமன்று. குடியிருப்போர் தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றியது.

சொல்லாய்வு பற்றியும் ஒன்று கூறி அமைவோம். 'காரம் மிகின் கேடு' என்ற ஒற்றை வாய்பாடு பொறியாளரைப் பல ஆண்டுகள் மயக்கிற்று. 'இயங்கு காரம் மிகின் கேடு' என ஓர் அடை சேர்த்தவுடன் அது தெளிந்தது. அடைமொழி பொருளை வரையறுக்கும் என்பது இலக்கண நூலார் நமக்குக் கற்பித்த பாடம். அப்பாடம் அறிவியலுக்கும் உரியதே. தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் இட்டதனோடு அமையாது, அப்பொருள் நிற்கும் நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டும் சொற்களை ஆக்குதல் வேண்டும். அங்ஙனம் ஆக்கிய சொற்கள் மொழிக்கு அணியாவதோடு, ஆராய்ச்சிக்குக் கருவியும் ஆகும்.